முப்பதாவது கிலோமீட்டரில் நின்ற பிள்ளைக்கு

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டரோடு கால் நின்றுபோச்சு, பினாங்குப் பாலத்து மராத்தானுக்கு வரலாமா வேண்டாமா என்று கோலாலம்பூரிலிருந்து எழுதியிருந்தாய். வா. கால் தானாக நின்றதா, நீ நிறுத்தினாயா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

2010-இல் சாமுவேலே மார்க்கோரா என்ற ஆய்வாளர் பத்து ரக்பி ஆட்டக்காரர்களை உடற்பயிற்சி சைக்கிளில் ஏற்றி, சுமார் 242 வாட் சக்தியில் இனி முடியாது என்கிறவரை மிதிக்கவைத்தார்; சுமார் பத்து நிமிடம் தாங்கினார்கள். முடியாது என்று விட்ட கையோடு, ஐந்தே நொடி முழு பலத்தில் மிதிக்கச் சொன்னதும் சராசரியாக 731 வாட் வந்ததாம்! ஐந்து நொடி வேறு, பத்து நிமிடம் வேறுதான், அதனால் தசையில் களைப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவர் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது: இவ்வளவு கஷ்டம்தான் படுவேன் என்று மனசு ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அது நிரம்பினாலோ இனி நடக்காத காரியம் என்று தோன்றினாலோ ஆள் விட்டுவிடுகிறான்.

தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படி 513-ஐயும் உன் பெரியம்மா ஏறுவதைப் பார்த்திருக்கிறாய்தானே, வெறுங்காலில், ஒரு கை பால்குடத்தில், ஒரு கை கம்பியில், படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்துவைத்து. மற்ற நாளில் நம் வீட்டு மாடிக்கே வரமாட்டார். முட்டிவலி அன்றைக்கும் அதேதான், வேண்டுதல்தான் பெரிசு.

நாலு மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்கிறாய், நல்லது. ஒரு கோடிக்கு நெருங்கிய மராத்தான் நேரங்களை அலசி 2017-இல் வெளியிட்டார்கள். 4 மணி நேரத்துக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் குவிந்துகிடக்கிறார்கள், தாண்டியதும் கூட்டம் சட்டென்று குறைகிறது. வெறும் ஒரு எண், அதுவே ஆளை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் பாலத்து நடுவில் நாலு மணி கைநழுவியது தெரிந்தால் அப்புறம் எதற்காக ஓடுவாய்? போன தடவை எடுத்த நேரத்தைவிட ஒரு நிமிடமாவது குறைவு என்று இன்னொன்றையும் வைத்துக்கொள். வாட்சப் குழுவில் போட வேண்டாம், உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, முப்பதில் நிற்பதற்குப் பாதிக் காரணம் நீ வழியில் ஒன்றும் சாப்பிடாதது. அதை மனசு சரிபண்ணாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிடு, அங்கே வீராப்பு வேண்டாம்.

ஒரு நாள் முன்னாடியே வந்துவிடு, பழைய சப்பாத்தையே போட்டுக்கொள், அம்மா கேட்டால் முப்பது கதையைச் சொல்லாதே.

அப்பா