இஞ்சிப் பியர் வெடிக்காமல் நத்தார் கடந்தது: ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு, தாண்டவன்வெளியில் எங்கள் ஒழுங்கைக்காரர் எல்லாருக்கும், கல்லடி, டச்பார், காத்தான்குடிப் பக்கமிருந்து கைகொடுத்தவர்களுக்கும்,

இந்த நத்தாருக்கு (கிறிஸ்மசுக்கு) எங்கள் குசினியில் இஞ்சியும் சீனியும் நொதிக்க வைத்துச் செய்த இஞ்சிப் பியர் கரோல் இரவுக்குப் போனது, ஒழுங்கையில் வீடு வீடாகப் போனது, ஒரு கலியாண வீட்டுக்கும் போனது. குடித்தவர்கள் என்னைத்தான் பிடித்து "நல்லா இரிக்கு" என்றார்கள். ஓம் ஓம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் பாராட்டில் பெரும் பங்கு வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. பொங்கல் வேலை தொடங்கினால் இது தள்ளிப் போய்விடும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

போத்தல்கள் வெடித்த நேரம் ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் நன்றி. ஆனால் எனக்கு உண்மையில் உதவியது கேள்வி கேட்டவர்கள். "எவ்வளவு சீனி போட்ட?", "எத்தனை நாள் மூடி வச்ச?", "எந்த மூலைக்க வச்ச?" என்று விதானையார் விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்கள். அந்த நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அந்த ஆட்களைத்தான் முதலில் நினைக்கிறேன்.

டச்பார் அன்டியிலிருந்து தொடங்குகிறேன். அவர் வீட்டு நத்தாரில் இஞ்சிப் பியர் இல்லாமல் இருந்ததில்லை. அளவு கேட்டால் உள்ளங்கையைக் குவித்துக் காட்டுவார், அவ்வளவுதான். ஆனால் இரண்டு விசயத்தில் கறாராக இருந்தார். ஒன்று, சந்தையில் பளபளவென்று கழுவி வைத்திருக்கும் பெரிய வெளிநாட்டு இஞ்சி வேண்டாம், மண் ஒட்டின சின்ன ஊர் இஞ்சி வேண்டும், தோல் சீவக்கூடாது. நொதிக்க வைக்கும் மதுவம் (ஈஸ்ட்) அந்தத் தோலில்தான் இருக்கிறது. இரண்டு, ஒவ்வொரு போத்தலிலும் நாலைந்து பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) போட வேண்டும். அடியில் கிடக்கும் பிளம்ஸில் குமிழ் ஒட்டி ஒட்டி அது மேலே மிதந்து வந்தால் பியர் ஆகிவிட்டது என்று கணக்கு. "அது மேல வந்திச்செண்டா நீயும் எழும்பிப் போய் பிரிட்ஜுக்க வை மனே, நாளைக்கெண்டு வைக்காத" என்றார்.

இஞ்சி உறை பிடிக்காமல் கிடந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. துருவின இஞ்சி, சீனி, தண்ணீர் மூன்றையும் சாடியில் போட்டு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி கொடுத்தால் வழக்கமாக ஒரு கிழமைக்குள் பொங்கும். எங்களுடையது செத்த பிணம் போலக் கிடந்தது. பக்கத்து வீட்டு மாமி வந்து சாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தண்ணிய கொதிக்கக் கொதிக்க ஊத்தினியா, ஆறவிட்டு ஊத்தினியா?" குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமென்று கொதிக்க வைத்தது சரி. சூடாக இருக்கும்போதே ஊற்றினதில் மதுவம் வெந்துபோயிருக்கிறது. ஆறின தண்ணீரில் புதிதாக உறை போட்டோம், பிடித்துக்கொண்டது.

இனி வெடிப்புக்கு வருகிறேன்.

மழைக்கு முந்தின வெயிலில், பகல் முழுக்கக் காய்ந்த ஒரு நாளின் இரவில் அது நடந்தது. கழுவி எடுத்த பழைய கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பி, இறுக்க மூடி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தோம். அந்த அறைக்கு மேலே தகரக் கூரை. ஒரு போத்தல் வெடித்து, அதன் துண்டு பட்டு அடுத்தது வெடித்து, அதோடு இன்னொன்றும் போனது. பொச்சுமட்டை நிறத்தில் ஒரு கண்ணாடித் துண்டு அரிசிச் சாக்கைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. அந்த அரிசி முழுவதையும் கொட்டத்தான் வேண்டியிருந்தது. புடைத்துப் பார்த்துச் சமைக்க யாருக்கும் மனம் வரவில்லை. சுவரில் வழிந்த சீனிப் பாகுக்கு விடிவதற்குள் எறும்பு சாரை பிடித்துவிட்டது.

எதிர் வீட்டுப் பெத்தா அந்தச் சத்தத்துக்குக் கட்டிலை விட்டிறங்கி நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டாராம். எனக்கு அது மறுநாள்தான் தெரியும். எங்கள் ஊரில் அந்த வயது ஆட்களின் உடம்பு இன்னும் யுத்த காலத்தை மறக்கவில்லை. அப்படியிருந்தும் காலையில் விளக்குமாற்றோடு வந்து நின்றவரும் அவர்தான். பெத்தா, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த அறையில் இனிக் கண்ணாடி வைக்க மாட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் விஞ்ஞான டீச்சர் வந்தார், கையில் பழைய கொப்பி ஒன்று. லீற்றருக்கு 80 கிராம் சீனி என்று நான் சொன்னதைக் கேட்டு அப்படியே பெருக்கிக் காட்டினார். ஒரு லீற்றர் தண்ணீரில் 4 கிராம் சீனி முழுதாக நொதித்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டு வரும். கடைச் சோடாவில் இருப்பது அப்படி மூன்று, நான்கு லீற்றர் அளவு. 80 கிராமும் நொதித்தால் வருவது 20 லீற்றர் வாயு. அதை ஒரு போத்தலுக்குள் பூட்டி வைத்தால் எந்தக் கண்ணாடி தாங்கும்? அதாவது இஞ்சிப் பியர் இனிப்பாகவே இருக்க வேண்டுமென்றால் நொதித்தலை இடையில் நிறுத்தியாக வேண்டும். அதற்கு வீட்டில் இருக்கும் லேசான வழி குளிர்தான். குளிர் மதுவத்தைக் கொல்லாது, உறங்க வைக்கும். போத்தலை வெளியே எடுத்து வைத்தால் எழும்பிவிடும்.

டீச்சர் போகிற போக்கில் ஒரு கதையும் சொன்னார். ஹரி மார்ஷல் வோர்ட் என்றொரு ஆங்கிலேயத் தாவரவியலாளர். 1880 முதல் 1882 வரை இலங்கையில் இருந்து கோப்பி இலை நோயை ஆராய்ந்தவர். நோய்க்குக் காரணம் பங்கசு (பூஞ்சை) என்று தெளிவாகக் காட்டினாலும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. அதே மனிதர்தான் 10 வருசம் கழித்து, 1892இல், இஞ்சிப் பியரை நொதிக்க வைக்கும் கட்டியைப் பிரித்துப் பார்த்து, அதில் ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன என்று எழுதினார். எங்கள் நாட்டில் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த கை அது என்று கேட்க எனக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது. சாடியைக் கிளறும்போது இப்போதும் நினைப்பு வரும்.

சரி, எப்போது நிறுத்துவது? பிளம்ஸ் மிதப்பது ஒரு அடையாளம்தான், ஆனால் எல்லாப் போத்தலிலும் ஒரே நேரம் மிதப்பதில்லை. இந்த இடத்தில்தான் பால் சேகரிக்கிற தம்பிக்கு நன்றி சொல்ல வேண்டும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க அவர் கொண்டு திரியும் பால்மானியைக் கண்டதும் டீச்சரின் கண் விரிந்தது. அது அளப்பது அடர்த்தியைத்தான். பாலாக இருந்தாலும் சீனித் தண்ணீராக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். எங்கள் கலவையில் விட்டுப் பார்த்தோம்: முப்பதுக்குக் கிட்டக் காட்டியது. சீனி குறையக் குறைய அந்த எண் இறங்கும். போத்தலில் அடைக்கும்போதே அதே கலவையில் கொஞ்சத்தை இன்னொரு சாடியில் எடுத்துச் சீலை கட்டி, போத்தல்களுக்குப் பக்கத்திலேயே வைப்போம். அந்தச் சாடியில் எண் நாலைந்து புள்ளி இறங்கினால் போத்தலுக்குள்ளேயும் அவ்வளவு நடந்திருக்கும் என்று கணக்கு. சோடா அளவு வாயுவுக்கு அது போதும். உடனே எல்லாம் குளிருக்குள்.

முதல்முறை எண் இறங்காமல் ஏறிக் காட்டி எங்களைக் குழப்பியது. தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, கம்பில குமிழி ஒட்டிக்கிட்டு அதத் தூக்குது, நல்லாக் கலக்கிக் காத்த விட்டுட்டுப் பாருங்க" என்றார். கலக்கி, நுரை அடங்கின பிறகு பார்த்தோம். சரியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தவர்கள் நாங்கள் இருவர் நின்றோம், கண்டுபிடித்தது அவர். வேலைக்கு எடுத்துப் போகும் பால்மானியை நத்தார் முடியும் வரை பின்னேரங்களில் எங்களிடம் விட்டுப் போனதற்கும் நன்றி தம்பி. உடையாமல் திருப்பித் தந்துவிட்டேன் என்பதை இங்கே எல்லார் முன்னாலும் பதிவு செய்கிறேன்.

கண்ணாடியை விட்டதும் பிளாஸ்டிக் போத்தல் தேவைப்பட்டது. ஒழுங்கை முனை ஆட்டோத் தம்பி மண்டபம் மண்டபமாகப் போய்ச் சோடாப் போத்தல்களைச் சாக்கில் அள்ளி வந்தார். தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, வாயு தாங்காது, சோடாப் போத்தல்தான் வேண்டும் என்று ஒருதடவை சொன்னதோடு சரி, கவனமாகப் பிரித்தே கொண்டுவந்தார். பிளாஸ்டிக்கில் இன்னொரு வசதி, விரலால் அமுக்கிப் பார்க்கலாம். விரல் உள்ளே இறங்காத அளவுக்கு இறுகினால் இனி வெளியே வைக்கக்கூடாது. பின்னர் பிளம்ஸைவிட, ஏன் பால்மானியைவிடவும், இந்த விரலைத்தான் அதிகம் நம்பினோம்.

நத்தாருக்கு முந்தின கிழமை விடாத மழையில் கரண்ட் போனது. பிரிட்ஜ் நிறைய இஞ்சிப் பியர், உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த இரவில் கல்லடி மீன்கார அண்ணன் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிகளில் ஐஸ் கட்டியோடு வந்து இறங்கியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெட்டி என்றால் மீன் பெட்டிதானே, வாசமும் கூடவே வந்தது. தேசிக்காய்த் தோலும் உப்பும் போட்டுத் தேய்த்தோம், முழுக்கப் போகவில்லை. போத்தல் மூடியில் சூரை மீன் மணக்குது என்று கரோல் இரவில் யாரோ சொன்னீர்கள். ஓம், அது உண்மைதான். உள்ளே இருந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை.

இடையில், நாங்கள் கசிப்பு (கள்ளச் சாராயம்) காய்ச்சுகிறோம் என்று ஒரு கதை ஒழுங்கையைத் தாண்டி ஓடியிருக்கிறது. இரவில் வெடிச் சத்தம், சாக்குச் சாக்காகப் போத்தல், புளித்த மணம், வேறென்ன நினைப்பார்கள்? கிராம சேவகர் வந்து குசினியை எட்டிப் பார்த்தார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் வடிப்பது குற்றம் என்பதை மரியாதையாக நினைவூட்டினார். அடுப்பில் வடிக்கும் பானை எதுவுமில்லை, சாடியும் தேசிக்காயும்தான் என்று கண்டதும் சிரித்துவிட்டு ஒரு கோப்பை வாங்கிக் குடித்தார். உறைப்புப் போதாது என்றார். அவர் சொன்ன பிறகுதான் இஞ்சியைக் கூட்டினேன், அதற்கும் நன்றி சேர்.

கலியாண வீட்டுக்கு ஓடர் வந்தபோது, பந்தல் போட வந்த காத்தான்குடி நானா நேராகவே கேட்டார்: "தங்கச்சி, இதில மது சேருதா இல்லையா? பேர வச்சுக் கேக்கல்ல, உள்ளுக்க என்ன இரிக்கெண்டு சொல்லுங்க." இல்லை என்று சொல்லி விற்றிருக்கலாம். மதுவம் சீனியைத் தின்றால் வாயுவோடு மதுசாரமும் வரத்தான் செய்யும். நாலைந்து புள்ளி இறக்கத்துக்கு அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. அப்படியே சொன்னேன். அவருக்கும் அவரோடு வேலைக்கு வந்த பொடியன்களுக்கும் நொதிக்க வைக்காமல் இஞ்சிப் பாகு காய்ச்சி, தேசிக்காய் பிழிந்து, சோடா ஊற்றிக் கொடுத்தோம். கலியாண வீட்டில் சின்னப் பிள்ளைகளும் அந்தப் பக்கமே போய் நின்றார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு, நொதித்தது எது, நொதிக்காதது எது என்று எழுதாமல் ஒரு போத்தலும் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போவதில்லை. நானா, நீங்கள் கேட்டது பெரிய உதவி.

இன்னும் இருக்கிறார்கள். வடிகட்ட நல்ல வெள்ளைச் சீலை தந்த தையல்கார மச்சி (சக்கை உள்ளே போனால் திறக்கும்போது முகட்டுக்கு அடிக்கும் என்று கண்டுகொண்டோம்). பழ ஈ வராமல் சாடிக்குக் கட்டிய சீலையை நாள்தோறும் மாற்றின என் மகள். கண்ணாடி கிடந்த அறையைக் கழுவி முடிக்கும்வரை பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்திருந்த மருத்துவத் தாதி அக்கா. பகலில் வேலை, இரவில் போத்தல் கழுவல் என்று நின்ற என் மனுசன்; அவருக்கு இஞ்சிப் பியர் பிடிக்காது என்பதையும் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காலிப் போத்தல்கள் இன்னும் நிறைய வீடுகளில் நிற்கின்றன. மண்ணெண்ணெய், டெற்றோல் எதுவும் ஊற்றாமல், மூடியோடு ஆட்டோத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். யாருடைய பிரிட்ஜிலாவது திறக்காத போத்தல் இன்னும் கிடந்தால் வெளியே எடுத்து வைக்க வேண்டாம். குளிரோடு, முகத்துக்கு நேரே பிடிக்காமல், மெல்ல மெல்லத் திறந்து குடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தாண்டவன்வெளி இஞ்சிப் பியர் வீட்டுக்காரி