செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

தலைவர் அவர்களே, காப்பாளர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

மலையில் இருந்துகொண்டு சுழியோடிகள் சங்கம் நடத்துகிறோம் என்றால் ஹட்டன் பஸ் நிலையத்தில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சென்ற பொதுக்கூட்டத்தில் 23 பேராக இருந்த நாம் இன்று 31 பேர். புதியவர்களில் ஐவர் தோட்டத்துப் பிள்ளைகள், அவர்களில் மூவருக்கு நீச்சலே தெரியாது. நீச்சல் பழகிய பின்பே காற்றுச் சிலிண்டர் என்ற விதியை இம்முறையும் தளர்த்தவில்லை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் இறங்கி, மூழ்கிய பழைய மஸ்கெலியாவைப் பார்க்கலாம் என்று இளைஞர் பகுதி தந்த யோசனையை நிர்வாகக் குழு நிராகரித்தது. வறட்சியில் கோயில் தானாக வெளியே வரும்போது நடந்தே போய்க் கும்பிடலாம்.

மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன, இரண்டை மழை கொண்டுபோனது. அதிகம் பேர் வந்தது எரிமலைத் தீவுகள் பற்றிய கூட்டத்துக்குத்தான். சிவனொளிபாதமலை கூம்பாக நிற்கிறதே, அதுவும் எரிமலையா என்று ஒரு மாணவி கேட்டார். இல்லை. நம் மலைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறைகள். கடலின் நடுவே முளைக்கும் எரிமலைத் தீவின் கதை வேறு. அது ஆறிய பின் மெல்ல மெல்லக் கீழே தாழும். அதன் கரையைச் சுற்றி வளரும் முருகைக்கல்லோ (பவளப்பாறை) வெளிச்சத்தை விடாமல் மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகும். கடைசியில் மலை மறைந்து, வளையம் மட்டும் மிஞ்சும். டார்வின் இதை 1842 இல் எழுதினார். 1952 இல் பசிபிக்கின் எனிவெட்டொக் தீவில் துளையிட்டபோது, 1,200 மீற்றருக்கும் அதிகமான முருகைக்கல்லுக்குக் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஹட்டன் வரை முருகைக்கல்லாகவே அடுக்கியிருந்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அதைச் சொன்னதும் மண்டபம் அமைதியானது.

மே மாதம் 14 பேர் கிழக்குக்குப் போனோம். நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவில் சுறாக்குட்டிகளைக் கண்டவர்களுக்கு மகிழ்ச்சி. உடைந்த முருகைக்கல் குவியல்களைக் கண்ட எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. கல்குடாவில் 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' எண்ணெய்க் கப்பலின் சிதைவில், சுமார் 24 மீற்றர் ஆழத்தில், இறங்கினோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. அதே நாளில் மூழ்கிய 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிக்கு 40 மீற்றரே எல்லை. ஆகவே அதற்கு மேலே படகின் எஞ்சினை அணைத்து, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கடைசி நாள் நண்பகல் வரை இரண்டு முறை இறங்கிவிட்டு, மறுநாள் வேலை என்று மாலையே வேன் வண்டியில் புறப்பட்டேன். கினிகத்தேனை வளைவுகளில் ஏறும்போது இடது முழங்கை உள்ளிருந்து வலித்தது. சிலிண்டர் தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். ஹட்டனை அடைந்தபோது கையை மடக்க முடியவில்லை. ஒட்சிசன் கொடுத்த வைத்தியர் முதலில் கேட்டது, "எப்போது கடலில் இருந்தீர்கள்?" என்பதுதான். ஆழத்தில் அமுக்கத்தால் உடலில் கரைந்த நைதரசன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் அமுக்கம் குறைந்த உயரத்துக்கு ஏறினால், மூடி திறந்த சோடாவைப்போல் குமிழியிடும். விமானம் ஏறுமுன் ஒரு முறை இறங்கியவர் 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர் 18 மணி நேரமும் பொறுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தவனே நான். 600 மீற்றருக்கு மேல் ஏறும் பாதைக்கும் அதே கணக்குத்தான் என்பது என் முழங்கை சொன்ன பிறகே உறைத்தது. கடலோரத்துச் சங்கங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நமக்கோ வீடே மேலே இருக்கிறது.

அந்த வலி வீண்போகவில்லை. ஆகஸ்டில் நால்வர் சொந்தச் செலவில் பாலித் தீவின் துலாம்பெனுக்குப் போனார்கள். 1942 ஜனவரியில் டோர்பிடோ தாக்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் 'லிபர்ட்டி' அங்கே கரையில் ஏற்றிவிடப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1963 இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. அதில் இருந்த சரக்கில் றப்பரும் உண்டு என்றதும் நம் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. இன்று கரையிலிருந்து நீந்திப்போய்ப் பார்க்கும் தூரத்தில், கருமணல் சரிவில், முருகை மூடிக் கிடக்கிறது.

ஆனால் கப்பலைவிட உபதலைவி அதிகம் பேசியது கரையைப் பற்றித்தான். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிய தாயின் மகள் அவர். அவரே, சும்மாட்டின் மேல் சிலிண்டரைக் கிடத்தி, உருளும் கருங்கற்களில் செருப்போடு நடந்துபோகும் துலாம்பென் பெண்களைப் பார்த்து வாயடைத்து நின்றாராம். கூலி என்ன என்று விசாரிக்கத் தோன்றியது அவருக்கு மட்டுமே.

கடலிலிருந்து ஏறிய அன்றே கிந்தாமணி மலைக்குப் போய் எரிமலை பார்க்கலாம் என்று வண்டிச் சாரதி அழைத்திருக்கிறார். அதுவும் 1,400 மீற்றருக்கு மேல். "செயலாளரின் முழங்கை" என்று ஒருவர் சொல்ல, நால்வரும் கரையிலேயே தங்கிவிட்டார்கள்.

எனவே யாப்பில் ஒரு திருத்தத்தை முன்வைக்கிறேன். சங்கப் பயணத்தில் கடைசியாகக் கடலில் இறங்கியவர் குறைந்தது ஓர் இரவைக் கடலோரத்திலோ, சுமார் 500 மீற்றர் உயரமுள்ள கண்டியிலோ கழிக்க வேண்டும். 18 மணி நேரம் நிறையாமல் மேலே ஏறக் கூடாது. தங்கும் செலவில் பாதியைச் சங்கம் ஏற்கும். பொருளாளர் முகம் சுளிப்பது தெரிகிறது. கணக்கறிக்கையில் அவர் பதில் சொல்லட்டும்.

நீச்சல் தடாகத்துக்கு நேரம் ஒதுக்கித் தந்தவர்களுக்கும், மழையிலும் வந்து கற்றுக்கொடுத்த இரு பயிற்றுநர்களுக்கும் நன்றி. மே பயணத்துக்கு எடுத்துப்போன முகக்கண்ணாடிகளில் இரண்டும், ஒற்றைக்கால் துடுப்பு ஒன்றும் இன்னும் களஞ்சியத்துக்கு வரவில்லை. மற்றக் கால் என்னிடம் இருக்கிறது. வைத்திருப்பவர் தேநீர் இடைவேளையில் என்னைச் சந்திக்கவும்.

செயலாளர்