ஹிட்லர் கொடுத்த வேலை

ஆசிரியருக்கு,

ஹிட்லர் எல்லோருக்கும் வேலை கொடுத்தார் என்று இன்றும் சிலர் சிலாகிக்கிறார்கள். 1933 மே 1-ஐச் சம்பளத்தோடு விடுமுறையாக்கினார், சரி. மறுநாளே தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றித் தலைவர்களைச் சிறையில் தள்ளினார். அப்புறம் வேலைநிறுத்தமும் கிடையாது, கூலி பேரமும் கிடையாது. கல்யாணக் கடன் வேண்டுமா, மனைவி வேலையை விட வேண்டும். யூதர்களை அரசுப் பணியிலிருந்து விரட்டி, 1935-இல் இளைஞர்களைக் கட்டாய ராணுவத்துக்கு இழுத்தால் வேலையில்லாதோர் பட்டியல் சுருங்காமல் என்ன செய்யும்?

அதே ஆண்டு வந்த ‘வேலைப் புத்தகம்’, அதாவது தொழிலாளியின் வேலை விவரம் பதிந்த ஏடு, முதலாளியிடம் இருக்கும். அது கைக்கு வராமல் வேறு இடத்தில் சேர முடியாது. இதில் தவணை கட்டினால் மலிவாகக் கார் தருவதாக அரசு காட்டிய ஆசை வேறு! வாரம் 5 ஜெர்மன் மார்க் வீதம் மூன்று லட்சம் பேருக்கு மேல் கட்டினார்கள். ஒருவருக்கும் வண்டி வரவில்லை. போர் வந்ததும் அந்தக் கார் ஆலை ராணுவ வண்டி செய்யப் போய்விட்டது.

– வாசகர், திண்டுக்கல்