அந்தக் காகிதம் குப்பை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய இசைக் கருவிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இங்கே சிட்னியில் இரண்டு முறை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிளேயர் பியானோ, அதாவது துளை போட்ட காகிதச் சுருளை மாட்டினால் தானே வாசிக்கும் பியானோ, அதன் சுருள்களின் துளைகளை ஸ்கேன் செய்து மிடி கோப்பாக (எந்தக் கட்டை எப்போது இறங்க வேண்டும் என்று குறிக்கும் கணினிக் கோப்பு) மாற்றிவிட்டால் போதும், அதன்பின் காகிதம் வெறும் குப்பை என்று எழுதியிருந்ததை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது முன்னறையில் அந்த மாதிரி பியானோ ஒன்றும், பியானோலா என்பார்கள், சேர்ந்து வந்தது. தூக்கிப் போக ஆள் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். இதற்கு வாசிக்கத் தெரிய வேண்டாம், மிதிக்கத் தெரிந்தால் போதும். நம் ஆர்மோனியத் துருத்தி காற்றை ஊதும், இது உறிஞ்சும். காகிதச் சுருள் ஒரு பித்தளைப் பட்டையின் மேல் ஓடும். காகிதத்தின் துளை பட்டையின் துளைக்கு நேராக வந்ததும் காற்று உள்ளே புகுந்து, அதற்குரிய கட்டை தானே இறங்கும். "பேய் வாசிக்குது பாட்டி" என்பான் என் பேரன்.

நான் சொல்ல வந்த சுருள் ஒரு சர்ச் சந்தையில் ஐந்து டாலருக்குக் கிடைத்தது. சுருளில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. பெட்டியில் மாஸ்டர்டச் நிறுவனத்தின் சீட்டு ஒட்டியிருந்தது. அது 1919-இல் சிட்னியில் தொடங்கிய சுருள் கம்பெனி. சரி, ஊரும் காலமும் கிடைத்துவிட்டன என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். சீட்டில் போட்டிருந்தது ஒரு நடனப் பாட்டு. மிதித்துப் பார்த்தால் வந்தது சர்ச்சில் பாடும் பாட்டு. எந்தச் சுருளை எந்தப் பெட்டியில் யார் போட்டார்களோ!

முப்பது வருடம் தையல் வேலை பார்த்தவள் நான். டேப்பை எடுத்தேன். அகலம் பதினொன்றேகால் அங்குலம். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினால் ஓர் அங்குல அகலத்துக்கு ஒன்பது துளை வரிசை. 1908-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தயாரிப்பாளர்கள் கூடி, 88 கட்டைச் சுருளுக்கு ஒப்புக்கொண்ட அளவு இது. அதற்கு முன் பரவலாக இருந்த 65 கட்டைச் சுருளுக்கும் இதே அகலம்தான், ஆனால் அங்குலத்துக்கு ஆறு வரிசை. ஜெர்மனியின் வெல்டே கம்பெனி போட்ட சிவப்புச் சுருள்கள் இன்னும் அகலம், என் பியானோவில் நுழையவே நுழையாது.

அப்புறம்தான் பென்சில் கோடுகள் கண்ணில் பட்டன. துணியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வெட்டுவோமே, அதே மாதிரி. தாளத்துக்குத் தாளம் குறுக்கே மெல்லிய கோடு, ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பென்சில் மிச்சம். கம்பெனிச் சுருள் என்றால் பல தாள்களை அடுக்கி வைத்து இயந்திரம் மொத்தமாகக் குத்தும். கடைக்கு வரும் பிரதியில் பென்சில் இருக்காது. இதில் துளைகள் ஒரு நூல் முன்னே பின்னே இருக்கின்றன. ஓரிடத்தில் தப்பாகக் குத்திய துளைக்குப் பின்பக்கம் சின்னக் காகிதம் ஒட்டி அடைத்திருக்கிறார்கள். நானும் ரவிக்கைக் கழுத்தில் அப்படி எத்தனையோ ஒட்டுப் போட்டவள்தான். சந்தேகமே இல்லை, வீட்டில் கையால் செய்தது. அதற்கென்றே அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து ஹாமில்டன் ஊரில், லீபர்ஜன் என்று ஒரு கைத் துளைப்பான் செய்து விற்றார்கள்.

சுருள் என்றாலே யாரோ ஒரு கலைஞர் வாசித்ததன் பதிவு என்றும் கட்டுரை சொல்கிறது. வெல்டே 1904-இல் கொண்டுவந்த வெல்டே-மிக்னான் அந்த வகைதான், ஒருவர் வாசித்த வாசிப்பையே பிடித்து வைப்பது. ஆனால் மேசையில் உட்கார்ந்து, இசைக் குறிப்பைப் பார்த்துக் கோடு போட்டுத் துளைத்த சுருள்கள் ஏராளம். என் சுருளில் ஓரிடத்தில் ஸ்கேலை வைத்து எண்ணினேன்: ஒரே நேரத்தில் பதின்மூன்று துளை. மனிதனுக்குப் பத்து விரல்தானே?

தொடக்கத் தாளில் ஆங்கிலத்தில், பென்சிலில், "அம்மாவுக்கு, ஜூன் 1931". கீழே "டெம்போ 60", அதாவது காகிதம் நிமிடத்துக்கு ஆறு அடி நீளம் ஓட வேண்டும். மற்றபடி பெயர் எதுவும் இல்லை. ரேடியோ வந்து பியானோலாவை மூலையில் தள்ளிவிட்ட காலம் அது. அப்போது போய் யாரோ ஒருவர் உட்கார்ந்து இவ்வளவு துளை போட்டிருக்கிறார்.

ஸ்கேன் செய்வதற்கு நான் எதிரி இல்லை. இதே சிட்னியில் டெனிஸ் காண்டன் என்பவர் சேர்த்து வைத்த சுமார் 7,500 சுருள்கள் 2014-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போயின. அங்கே துளைகளை மட்டும் எடுப்பதில்லை, தாளையே முழுதாகப் படம் பிடிக்கிறார்கள். காகிதத்தையும் பத்திரமாக வைக்கிறார்கள்.

என் சுருளின் கடைசி இரண்டரை அடியில் துளையே இல்லை. கோடுகள் இருக்கின்றன, எந்தெந்த இடத்தில் குத்த வேண்டும் என்று புள்ளியும் வைத்திருக்கிறது, குத்தவில்லை. மிதித்தால் காகிதம் ஓடும், சத்தம் வராது. மிடி கோப்பில் இந்தப் பகுதி இருக்கவே இருக்காது. காகிதம் குப்பை என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் தயவுசெய்து திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, சிட்னி