சனிக்கிழமை மாலை எங்கள் ஊரில் ஒரு பூசை வேண்டும்: பங்குத்தந்தைக்கும் பங்குப்பேரவைக்கும் திறந்த மடல்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்குப் புகழ்! மரியே வாழ்க!

போன ஞாயிறு இரண்டாம் பூசையில் நன்மை (நற்கருணை) கொடுத்து முடித்த பிறகு பேரவையின் சார்பில் ஓர் அறிவிப்பு வாசித்தார்கள். நகரத்துப் பங்கோடு சேர்ந்த எங்கள் கிளைக்கிராமத்து மக்களுக்கு ஞாயிறு திருப்பலியில் ஆர்வம் குறைந்துவிட்டது, வருகிற சிலரும் பாதிப் பூசைக்குத்தான் வருகிறார்கள், இப்படியே போனால் திருமண ஓலைக்கும் ஞானஸ்நானத்துக்கும் வருகைப்பதிவு பார்க்க வேண்டிவரும் என்றார்கள். அப்போது நாங்கள் கோயிலின் பின்பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பீடத்துக்கு முன்னால் குரல் எழுப்பக்கூடாது என்று பேசாமல் வந்துவிட்டோம். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பாதிப் பூசைக்கு வருகிறோம் என்பது உண்மை. அது ஏன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதை ஆர்வக் குறைவு என்று மைக்கில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

2020 ஊரடங்குக்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயிலில் ஞாயிறுதோறும் பூசை இருந்தது. ஊரடங்கில் எல்லாக் கோயிலையும் மூடினார்கள், நாங்களும் ஏற்றுக்கொண்டோம். திறந்த பிறகு மாதம் ஒரு பூசை என்றார்கள். உதவிப் பங்குத்தந்தை மாற்றலாகிப் போனதும் அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒன்றானது. இப்போது திருவிழாக் கொடியேற்றத்துக்கும், யாராவது இறந்தால் அடக்கத்துக்கும்தான் எங்கள் ஊரில் பூசை. சரி, நகரத்துக்குப் போய் எட்டரை மணிப் பூசை காண்போம் என்று பழகிக்கொண்டோம். இந்தக் கோடையில் வெயிலைக் காரணம் காட்டி அந்தப் பூசையை ஏழரைக்கு மாற்றினீர்கள். எங்களில் ஒருவரையும் கேட்கவில்லை. இப்போது ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து நிற்கிறது. பூசை நேரம் மட்டும் இன்னும் கோடை நேரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வரும் முதல் பேருந்து ஏழு பத்துக்கு. வழியில் இரண்டு ஊர் சுற்றி நகரத்துக்குப் போய்ச் சேர எட்டு ஆகிவிடும். பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடக்க வேண்டும். உள்ளே நுழையும்போது காணிக்கை எடுத்துக்கொண்டிருப்பார்கள். வாசகம் முடிந்திருக்கும், நற்செய்தி முடிந்திருக்கும், உங்கள் மறையுரையும் முடிந்திருக்கும். ஃபாதர், உங்கள் மறையுரை நன்றாக இருக்கும் என்று நகரத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கோடைக்குப் பிறகு நாங்கள் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. ஐந்தே முக்கால் பூசைக்கு வரலாமே என்று ஒரு பேரவை உறுப்பினர் கேட்டார். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. ஆட்டோவுக்கு முன்னூறு ரூபாய் கேட்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அது எங்களுக்குப் பெரிய உதவிதான். ஆனால் பஸ் வருகிற நேரத்தில்தானே ஏற முடியும்?

எங்கள் தெருவில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். மகன் திருப்பூரில், மகள் சென்னையில். அவருடைய வீட்டுக்காரர் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசிய கொத்தனார். எங்கள் ஊர்க் கோயில் சுவருக்குப் பூச்சு வேலை செய்தவரும் அவர்தான். பாட்டி சனிக்கிழமை சாயங்காலமே சேலையை மடித்து எடுத்து வைத்துவிடுவார். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் கேட்பதில்லை. சின்ன வயதில் படித்த ஞானோபதேசப்படி ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் இருப்பார். அப்படியே பேருந்து ஏறி, முழங்கால் வலியோடு நடந்து, கோயிலுக்குள் நுழைந்தால் காணிக்கைப் பாட்டு கேட்கும்.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் பேரவையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டி நன்மை வாங்குவதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். "சுவிசேஷம் கேக்காம நான் எப்படி தாயி நன்மை வாங்குவேன்? காணிக்கைக்குப் பெறகு வந்தா பூசை கண்டதாகாதுன்னு எங்க சாமியாரு சொல்லியிருக்காக" என்கிறார். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். தாமதம் உங்கள் தவறு இல்லை பாட்டி, போய் வாங்குங்கள் என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். வெறும் வயிற்றோடு வந்து, நன்மை இல்லாமல் திரும்பிப் போய், பதினொரு மணிக்கு மேல்தான் ஒரு வாய் காப்பி குடிக்கிறார். முழங்கால் ரொம்ப வலிக்கிற வாரங்களில் வீட்டிலேயே மாதா டிவியில் பூசை பார்க்கிறார். "டிவியில பூசை பாத்துருவேன், நன்மைய யாரு குடுப்பா?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது, ஃபாதர். அதனால்தான் கேட்கிறேன்.

சனிக்கிழமை மாலை எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பூசை வையுங்கள்.

இது சட்டத்துக்கு வெளியே உள்ள கோரிக்கை இல்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் பிரிவு, ஞாயிறு கடமையை அந்த நாளிலோ அதற்கு முந்தின நாள் மாலையிலோ திருப்பலியில் பங்கெடுத்து நிறைவேற்றலாம் என்கிறது. 905-ஆம் பிரிவின்படி குருக்கள் குறைவாக இருக்கும் இடத்தில் ஆயரின் அனுமதியோடு ஒரு குருவானவர் ஞாயிறு மூன்று பூசைகூட வைக்கலாம். ஆனால் நாங்கள் ஞாயிறு மூன்றாவது பூசை கேட்கவில்லை. பள்ளித் தாளாளர் பொறுப்பும் உங்கள் தலையில்தான், மறைமாவட்டக் கூட்டங்களும் உங்களுக்குத்தான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நோயில்பூசுதல் என்று கூப்பிட்டாலும் ஓடுவது நீங்கள்தான். ஒற்றை ஆளாக இருக்கிறீர்கள் என்பதை நாங்கள் மறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நகரக் கோயிலில் பாடகற்குழுப் பயிற்சியைத் தவிர வேறு வழிபாடு இல்லை. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கேட்கிறோம். எங்கள் ஊரில் வாடகைக் கார் ஓட்டுகிற தம்பி உங்களைக் கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருக்கிறார். பணம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

முப்பது குடும்பத்துக்காகத் தனியாக ஒரு பூசையா என்று பேரவைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம்முடைய சிவகங்கை மறைமாவட்டத்தில்தான் ஓரியூர் இருக்கிறது. 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டுண்டு இறந்த புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். இந்த மறவர் சீமையில் பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் காட்டுக்குள் மறைந்திருந்து, வந்த கொஞ்சப் பேருக்குப் பூசை வைத்தார். தலையை எண்ணிப் பார்த்தா வைத்தார்? 1973-ல் சருகணியில் இறந்த லெவே சாமியாரை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் நேரில் பார்த்திருக்கிறார்கள். சின்ன ஊர், ஏழை ஊர் என்று அவர் யாரையும் தள்ளியதாக ஒருவரும் சொன்னதில்லை. அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்க வேண்டும் என்று நம் பங்கிலும் செபம் சொல்கிறோம். அந்தச் செபத்தைச் சொல்கிற வாயால் முப்பது குடும்பம்தானே என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

ஆர்வம் இல்லை என்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். குருவானவர் இல்லாமலே பெண்கள் கூடி அந்தோணியார் செபம் சொல்கிறோம். பக்கத்துத் தெரு இந்துச் சகோதரிகளும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அக்டோபர் மாதம் முழுக்க வீடு வீடாகச் செபமாலை சொன்னோம், மழை பெய்த நாளிலும் விடவில்லை. மே மாதத்தில் மாதா வணக்கம், தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை, எதுவும் நிற்கவில்லை. பூசையே இல்லாத கோயிலைச் சனிக்கிழமைதோறும் கூட்டி மெழுகுகிறோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேய்த்துத் துடைத்தால் முகம் தெரியும். ஆனால் நற்கருணைப் பேழை வெறுமையாக இருக்கிறது, பக்கத்தில் விளக்கு எரிவதில்லை. புது நன்மைக்குத் தயாராகிற பிள்ளைகளிடம் அந்தப் பேழையைக் காட்டி, ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்று சொல்ல மறைக்கல்வி ஆசிரியையான எனக்கு வழியில்லை.

அந்தப் பிள்ளைகளின் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மறைக்கல்வி வகுப்பு நகரத்தில், பூசை முடிந்ததும். வகுப்பு முடிந்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து வீட்டுக்கு வரும்போது மத்தியானம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருவதை நிறுத்தியே விட்டார்கள்.

இதை எழுதும்போது வேறு சில விஷயங்களும் முட்டிக்கொண்டு வருகின்றன. திருவிழா வரி கட்டாத குடும்பங்களின் பெயரை நன்மைக்குப் பிறகு மைக்கில் வாசிக்கிறார்கள். நன்மை வாங்கி, இன்னும் நாக்கில் அது கரையாத நேரத்தில், மகனுக்கு வேலை போய் வரி கட்ட முடியாத ஒரு அப்பாவின் பெயரைக் கூப்பிடுவது எந்த வழிபாட்டு முறையில் இருக்கிறது? சப்பரத்துக்குச் சீரியல் லைட்டும் பேண்டு வாத்தியமும் நுழைவாயிலில் ஆளுயர பிளெக்ஸும் வைக்கப் பணம் இருக்கிறது, கிளைக்கிராமத்துக்கு வந்துபோகப் பெட்ரோல் செலவு மட்டும் பேரவையில் பிரச்சினையாகிறது. கோயிலைக் கூட்டுவதும் பீடத்துணி துவைப்பதும் பெண்கள். பேரவையில் எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் இல்லை, இருந்த ஒரே ஆணின் இடமும் அவர் இறந்த பிறகு காலியாகவே இருக்கிறது. பங்கில் நிதிக்குழு கட்டாயம் என்று 537-ஆம் சட்டம் சொல்கிறது. அதன் கணக்கை எங்கள் ஊர்க் கோயில் கதவில் ஒருமுறையாவது ஒட்டியிருக்கிறீர்களா? நாங்களும் வரி கட்டுகிறவர்கள்தான், எங்கள் ஊர் பாக்கி இல்லாமல் கட்டுகிறது.

மன்னியுங்கள் ஃபாதர், கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன். அவற்றுக்கெல்லாம் இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம். மேய்ப்பர்களிடம் தங்கள் கருத்தைத் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில சமயம் கடமையும்கூட என்று 212-ஆம் சட்டம் சொல்வதை நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன். உங்கள்மேல் மரியாதை இல்லாமல் ஒரு வரியும் எழுதவில்லை.

பணிவோடு கேட்பது இதுதான். வரும் திருவருகைக் காலம் தொடங்குகிற சனிக்கிழமை மாலையிலிருந்து எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு பூசை வையுங்கள். ஒவ்வொரு வாரமும் முடியாவிட்டால் ஒன்றுவிட்ட வாரமாவது வையுங்கள். இடையில் வருகிற வாரங்களில் அருட்சகோதரி ஒருவரையோ உபதேசியாரையோ அனுப்பி இறைவார்த்தை வழிபாடு நடத்தி நன்மை கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. இதெல்லாம் முடிவாகிற வரைக்கும் ஞாயிறு இரண்டாம் பூசையைப் பழையபடி எட்டரைக்கே மாற்றுங்கள். அதற்கு ஆள் தேவையில்லை, செலவும் இல்லை. கோயில் வாசல் பலகையில் நேரத்தை மாற்றி எழுதினால் போதும். முதல் வெள்ளியன்று வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவரும் பட்டியலில் எங்கள் தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு வாசித்த அறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பேரவை அதைத் திரும்பப் பெற வேண்டும். எந்த மைக்கில் சொன்னார்களோ அதே மைக்கில், எங்கள் பஸ் எட்டு மணிக்குத்தான் நகரத்துக்கு வந்து சேர்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். வேறு மன்னிப்பு எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். அன்று எங்கள் அன்பியத்திலிருந்து (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) இரண்டு பெண்கள் வருவோம். கூட்டம் இரவு எட்டு மணிக்கு என்றால் திரும்பிப் போகப் பேருந்து இருக்காது. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டத்தை வைத்தால் உதவியாக இருக்கும்.

கிறிஸ்துவில் பணிவுடன்,
கிளைக்கிராமத்து மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்
எங்கள் ஊர் அன்பியத்தின் சார்பில்