சத்திரத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சத்திரத்தின் திருப்பணி நிறைவடைந்தது. புதிதாகக் கட்டியதைவிட, முன்பு செய்த பழுதுபார்ப்புகளைக் கழற்றி எடுத்ததே இந்தப் பணியில் அதிகம். கூரை ஒழுகியதற்கும் சுவர் உதிர்ந்ததற்கும் கட்டடத்தின் வயதைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. பிரித்துப் பார்த்தபோது பழைய வேலை பெரும்பாலும் திடமாகவே இருந்தது.

தஞ்சையிலிருந்து சேதுவுக்கு, அதாவது ராமேசுவரத்துக்குச் செல்லும் பாதையில் மராட்டிய மன்னர்கள் அரண்மனைப் பெண்களின் பெயரால் சத்திரங்கள் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமும் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரமும் அந்த வரிசையில் பெரியவை. நம்முடையது மிகச் சிறியது. அமைப்பு மட்டும் அதே மரபு. 1799 உடன்படிக்கையில் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்ட சரபோஜி மன்னர், 1801இல் தஞ்சையில் கும்பினியின் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த பெஞ்சமின் டாரினுக்குச் சத்திரங்களைப் பற்றிக் கடிதம் எழுதினார். வழிப்போக்கர் எந்தச் சாதியாயினும் சோறு, நோயுற்றால் வைத்தியம், குழந்தைகளுக்குப் பால் என்று அங்கு நடந்த தருமத்தை அதில் விவரித்தார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கட்டடத்தைச் சுற்றி வந்தால் ஒவ்வொரு பகுதியும் பேசும்: தெருவை நோக்கிய உயர்ந்த திண்ணை, அடுத்து முற்றம், பின்கட்டில் மடைப்பள்ளி, அதையொட்டி நெல் அறை, வடபுறம் வண்டிமுற்றம், கிணறு, மாடுகளுக்குக் கல்தொட்டி.

வண்டிமுற்றத்தில்தான் ஈரத்தின் வேரும் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இல் ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேசுவரம் செல்வோருக்கு மாட்டுவண்டி தேவைப்படவில்லை. சத்திரங்களின் வண்டிமுற்றங்கள் வேலையற்றுப் போயின. நம் முற்றத்தில் பிற்காலத்தில் இரண்டடி உயரத்துக்கு மண் கொட்டி, மேலே சிமெண்ட் தளம் போட்டு, கிடங்காக மாற்றியிருந்தார்கள். குளத்துக்குப் போகும் வடிகால் அந்த மண்ணுக்குள் புதைந்துபோனது. தரை மட்டம் சுவரின் அடித்தளக் கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டதால் மழைநீர் நேராகச் சுவருக்குள் ஏறியது. மண் முழுவதையும் அள்ளினோம். பழைய கல்பாவிய தரையும், வாயிலின் இருபுறமும் வண்டி அச்சு சுவரில் உரசாமல் தடுக்க நட்ட கற்களும் அப்படியே வெளிப்பட்டன. வாசற்கல்லில் சக்கரப் பட்டை தேய்த்த தடம் விரல் அழுந்தும் ஆழத்துக்கு இருக்கிறது. அதன்மேல் எதையும் பூசவோ பதிக்கவோ வேண்டாம்.

கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிப் போவது இந்த முறை. ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாக ஒட்டினால் ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லைப் பற்றிக்கொள்ளும். அடியில் சாரப்பலகை வேண்டாம். அது இறுகியபின் 3 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை பதியாமல் எகிறும்போதுதான் அடி போதும். அதற்குமேல் தட்டையான ஓடு பதிப்பார்கள்.

ஒவ்வொரு முறை ஒழுகியபோதும் பழையதை எடுக்காமல் மேலேயே ஒரு தளம் போட்டிருக்கிறார்கள். கூடத்தின்மேல் இப்படிச் சேர்ந்தது 5 அங்குலம். ஒரு சதுர அடிக்கு ஓர் அங்குலம் ஏறத்தாழ 5 கிலோ. 20 அடிக்கு 10 அடிக் கூடத்தின் தலையில் 5 டன் கூடுதல் பாரம்! உத்திரம் தொய்ந்ததில் வியப்பில்லை. தளம் உயர்ந்ததால் மழைநீர் வெளியேறும் கைப்பிடிச்சுவர்த் தூம்புகள் பாதி மூடி, நீர் தேங்கிச் சுவர்த்தலைக்குள் இறங்கியது. 62 கட்டைகளில் 17இன் முனைகள் சுவருக்குள் மக்கியிருந்தன, நடுப்பகுதி பழுதில்லை. மக்கிய பாகத்தை மட்டும் சாய்வாக வெட்டி, அதே சாய்வில் சீவிய பழந்தேக்கை இணைத்து, துருப்பிடிக்காத போல்ட்டால் முடுக்கினோம். முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றிடம் விட்டிருக்கிறோம். அங்கே சாந்தை அடைத்தால் மரம் மறுபடி மக்கும்.

சுவரில் இடுப்பளவுக்குப் பூசியிருந்த சிமெண்டைக் கொத்தியபோது உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கொண்டுவந்த உப்பு பூச்சின் பின்னால் பூத்துக் கல்லை உடைக்கும். உதிர்ந்த கற்களை மாற்றி, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு சலித்த ஆற்றுமணல் சேர்த்து அரைத்த சாந்தால் பூசினோம். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்தினோம்.

மேலைச் சுவரில் ஒரு தவறு நேர்ந்தது. ஆடிக்காற்று வீசும்போது பூசியதால் சாந்து ஒரே நாளில் உலர்ந்து வெடித்தது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகுவது. அதற்கு ஈரம் நீடிக்க வேண்டும். முழுவதையும் சுரண்டி, ஈரச்சாக்கு கட்டி 21 நாள் நனைத்து மறுபடி செய்தோம். அதற்கான செலவு கணக்கில் தனி வரியாக உள்ளது.

தென்கைப்பிடிச்சுவரில் அரசங்கன்றை முன்பு பலமுறை மேலாக வெட்டியிருக்கிறார்கள். வேர் உள்ளே பருத்துக்கொண்டே போயிருக்கிறது. நான்கு அடிச் சுவரைப் பிரித்து வேரோடு எடுத்துக் கட்டினோம். மாடியின் கிழக்கு அறைத் தளத்தை இம்முறை தொடவில்லை. கட்டைகளில் இரண்டு மட்டும் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. அந்த அறையில் கூட்டம் கூடவோ மூட்டை அடுக்கவோ வேண்டாம்.

இனி ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஆறு தூம்புகளையும் வண்டிமுற்ற வடிகாலையும் தூர்வார வேண்டும். உள்ளும் புறமும் சுண்ணாம்பு வெள்ளை மட்டுமே அடிக்கலாம், பெயிண்ட் கூடாது. மீந்த நீற்றுச் சுண்ணாம்பு கிணற்றடிக் குழியில், மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி வைக்கப்பட்டுள்ளது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த சில்லறைப் பூச்சுக்கு அதுவே போதும்.

திருப்பணிக் குழுவினர்