மேதைகளுக்கு மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் சைமன்ஸ் ராக் கல்லூரி 2025-இல் மாசசூசெட்ஸ் வளாகத்தை மூடிவிட்டு நியூயார்க் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது பற்றிய செய்தியைப் படித்தேன். பத்தாம், பதினோராம் வகுப்பு முடித்தவர்களையே சேர்த்து, விடுதியில் தங்கவைத்துப் பட்டப்படிப்பு தரும் அந்தக் கல்லூரியை 'மேதைப் பிள்ளைகளின் கூடம்' என்று குறிப்பிட்டது பொருந்தவில்லை. எழுதியதையே திரும்பத் திரும்பத் திருத்தும் பொறுமை இருந்தால், சராசரிக்குச் சற்று மேலான பிள்ளையும் அங்கே தேறிவிடும்.

என் அண்ணன் மகள் பதினாறு வயதில் அங்கே சேர்ந்தாள். பாடங்கள் தொடங்குமுன்பே எழுத்துப் பட்டறை. பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவளின் முதல் கட்டுரை, ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்தது. நள்ளிரவில் தொலைபேசியில் அழுதாள் (அவளுக்குத்தான் நள்ளிரவு, எங்களுக்கு இட்லி நேரம்). மூன்றாம் முறை எழுதிய பிறகே அவளுக்கே அது பிடித்தது. துணி துவைக்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்!

இத்தகைய படிப்புகளைப் பற்றி எழுதும்போது சேர்க்கை வயதோடு நிறுத்தாமல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் ஒரு வார நேர அட்டவணையையும் வெளியிடுங்கள். பெற்றோருக்கு அது பயன்படும்.

– வாசகி, திருச்சி